என் மகள் என் நெஞ்சில் கிடந்த நாட்கள்

என் மகள் 33 வாரத்தில் பிறந்தாள். எடை 1,650 கிராம். மனைவிக்கு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதால், குறித்த நாளுக்கு ஏழு வாரம் முன்பே, மதுரையில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். தாய் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாடியிலும், சேய் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் இன்னொரு மாடியிலும் இருந்த அந்த முதல் இரண்டு நாட்களில், படிக்கட்டுகளில் ஏறி இறங்கியதைத் தவிர நான் வேறு எதுவும் செய்ததாக நினைவில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே சென்று குழந்தையைப் பார்க்கலாம். தொடக் கூடாது என்பது விதி.

அந்தப் பத்து நிமிடங்களில் நான் பார்த்தது பெரும்பாலும் அவளுடைய தோலைத்தான். முகத்தில் பாதியை மூக்கு வழியே சென்ற பால் குழாயும் அதை ஒட்டியிருந்த பிளாஸ்திரியும் மறைத்திருந்தன. ஒரு கையில் ஊசி அசையாமலிருக்கக் கட்டிய கட்டு. ஒரு பாதத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் சிவப்பு விளக்கு. மிச்சமெல்லாம் தோல். அது நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் சிவந்திருந்தது. வயிற்றின் மேல் ஓடிய இரத்தக் குழாய்கள் எண்ணிவிடும்படி தெரிந்தன. தோளிலும் முதுகிலும் பூனைமுடி படர்ந்திருந்தது. கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் தயிர்த் திட்டைப் போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் கைப்பேசியில் எடுத்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பிள்ளையச் சரியாத் தொடச்சுக்கூட விடலையே" என்று என் மாமியார் கண்கலங்கினார். எனக்கும் அன்று அதே எண்ணம்தான். அது அழுக்கு என்றும், யாரோ கவனக்குறைவாக விட்டுவிட்டார்கள் என்றும் நினைத்தேன்.

அந்த வெள்ளைப் பூச்சுக்கு மருத்துவத்தில் வெர்னிக்ஸ் என்று பெயர். கருவின் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் சுரப்பதும், தோலிலிருந்து உதிரும் செல்களும் சேர்ந்து அது உருவாகிறது. அதில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு நீர். மீதி கொழுப்பும் புரதமும். மாதக்கணக்கில் நீரிலேயே மிதக்கும் ஓர் உடம்பின் தோல் ஊறிச் சிதையாமல் காப்பது அதன் முதல் வேலை. பிறந்த பின்பும் அதன் வேலை முடிவதில்லை. கிருமிகளை எதிர்க்கும் லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற புரதங்கள் அதில் இருக்கின்றன. தோல் காய்ந்துவிடாமல் அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. துடைக்காமல் விட்டால் ஓரிரு நாட்களில் தானாகவே தோலுக்குள் சுவறிவிடும். பிறந்த குழந்தையை 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு, உடல் குளிர்ந்துவிடக் கூடாது என்பதோடு இதுவும் ஒரு காரணம். எங்கள் பிரிவிலிருந்த செவிலியர்கள் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு வெண்பூச்சை விட்டுவைத்தது கவனக்குறைவினால் அல்ல என்பதை நான் தெரிந்துகொள்ளச் சில நாட்கள் ஆயின. அவர்களைப் பற்றி மனத்துக்குள் தவறாக நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

தோலைப் பற்றி நான் தேடித்தேடிப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். கருப்பைக்குள் இருக்கும்வரை தோலுக்கு வெளியுலகம் என்பது வெதுவெதுப்பான நீர் மட்டுமே. பிறந்த நொடியிலிருந்து அது காற்றையும் குளிரையும் கிருமியையும் துணியின் உராய்வையும் தாங்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகள் ஒரே நாளில் முடிவதில்லை. வளர்ந்தவர்களின் தோல் மேற்பரப்பு சற்று அமிலத் தன்மையோடு இருக்கிறது. கெட்ட கிருமிகள் பெருகாமல் தடுப்பதில் அந்த அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிறந்த குழந்தையின் தோலோ நடுநிலைக்கு அருகில் தொடங்கி, நாட்கள் செல்லச் செல்லத்தான் அமிலத் தன்மைக்கு மாறுகிறது. காரத் தன்மை கொண்ட சாதாரணச் சோப்பைப் போட்டு அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மாற்றத்தைப் பின்னுக்கு இழுக்கிறோம். குறைமாதக் குழந்தைக்கு நிலைமை இன்னும் கடினம். நீர் வெளியேறாமல் தடுக்கும் மேலடுக்கு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் முழுமை பெறுகிறது. அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தை தன் தோல் வழியாகவே நீரை இழக்கிறது. நீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

குறைமாதக் குழந்தைகளின் உயிரைப் பெரும்பாலும் இந்தச் சூடுதான் தாங்குகிறது என்பதை அந்தப் பிரிவில் கழித்த நாட்களில் கண்ணால் பார்த்தேன். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு நம்முடையதைப் போலப் பல மடங்கு அதிகம். ஆகவே சூடு வேகமாக வெளியேறுகிறது. குளிர்ந்தால் நாம் நடுங்குகிறோம், அந்த நடுக்கமே நமக்குச் சூடு தருகிறது. பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாகப் பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் சேர்த்து வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடு உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் கொழுப்பும் கடைசி வாரங்களில்தான் பெரும்பாலும் சேர்கிறது. ஏழு வாரம் முன்பே வந்துவிட்ட என் மகளிடம் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. உடல் குளிர்ந்தால், இருக்கும் சர்க்கரையும் ஆக்ஸிஜனும் சூடு உண்டாக்குவதிலேயே செலவாகும், இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு சிரமப்படும், எடை ஏறாது. செவிலியர்கள் குறிப்பேட்டில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிய 36.4, 36.6 டிகிரி செல்சியஸ் என்ற எண்களுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, பணி மாறி வந்த மூத்த செவிலியர் ஒருவர் என்னைப் பார்த்து, "சார், சட்டையக் கழட்டிட்டு அந்த நாற்காலியில சாஞ்சு உக்காருங்க. அம்மா எழுந்து வர்ற வரைக்கும் பாப்பாவ நீங்க வச்சுக்கலாம்" என்றார். இரண்டு நாட்களாகத் தொடக் கூடாது என்று சொல்லப்பட்டு வந்த எனக்கு அதன் பொருள் உடனே விளங்கவில்லை. மருத்துவரிடம் பேசி அனுமதி வாங்கிய பிறகே அவர் என்னிடம் வந்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. கையையும் மார்பையும் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரைத்துணியும் குல்லாவும் காலுறையும் மட்டும் அணிந்திருந்த குழந்தையைக் குழாய்களோடு தூக்கி என் நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வைத்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சுக்குழாய் மடங்காதபடி முகவாயைச் சற்றே உயர்த்தினார். கால்களைத் தவளையின் கால்களைப் போல மடக்கி, கைகளையும் மடக்கி, அவளுடைய வயிறு என் மேல்வயிற்றின் மீது படும்படி அமர்த்தி, அகலமான பருத்தித் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினார். அதன் மேல் ஒரு போர்வை.

முதலில் தெரிந்தது அவளுடைய குளிர்ச்சி. பிறகு மூச்சு. என் நெஞ்செலும்பின் மீது ஒரு சின்னஞ்சிறு அசைவாக அது வந்து வந்து போனது. முதல் ஐந்து நிமிடம் நெளிந்தாள், முனகினாள். அதன் பின் விரல்கள் விரிந்தன, நெற்றிச் சுருக்கம் கலைந்தது, தூங்கிப்போனாள். அரை மணி நேரம் கழித்து அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 36.4 ஆக இருந்தது 36.9 ஆகியிருந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் அதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண் ஏறக்குறைய ஓரிடத்தில் நின்றது. நான் எழுந்திருக்க மறுத்தேன். அன்று ஒரே அமர்வில் மூன்று மணி நேரம் அப்படியே இருந்தேன்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெஞ்சோடு அணைப்பதைப் பாசம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், அது வசதிப்பட்டால் செய்வது, மருத்துவம் எல்லாம் முடிந்த பிறகு செய்வது என்றாகிவிடுகிறது. தோலோடு தோல் படும்போது சூடு நேரடியாகக் கடக்கிறது. நடுவில் துணி இருந்தால் அவ்வளவாகக் கடப்பதில்லை. தாயின் மார்பு குழந்தையின் தேவைக்கேற்பச் சூடாவதும் தணிவதும் ஆய்வுகளில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது; இரட்டைக் குழந்தைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகச் சேர்த்து வைத்த ஒரு சிறிய ஆய்வில் இரண்டு மார்பகங்களும் தனித்தனியே வெப்பத்தை மாற்றிக்கொண்டதைக்கூடக் கண்டிருக்கிறார்கள். தந்தையின் நெஞ்சிலும் குழந்தையின் வெப்பம் நிலையாக இருக்கிறது. வீட்டுச் சூழலுக்குரிய தீங்கற்ற நுண்ணுயிரிகள் பெற்றோரின் தோலிலிருந்து குழந்தையின் தோலில் குடியேறுவதால், மருத்துவமனைக் கிருமிகளுக்கு அங்கே இடம் குறைகிறது. இவற்றோடு தொடுவுணர்வும் இருக்கிறது. கருவில் முதலில் உருவாகும் புலன் அதுவே. தோலும் நரம்பு மண்டலமும் கருவின் ஒரே அடுக்கிலிருந்து தோன்றுபவை. மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் உள்ளன. உடம்பின் சூட்டை ஒத்த கை மெல்ல நகரும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. விரல் நுனியால் படபடவென்று தட்டினாலும் தேய்த்தாலும் அவ்வளவாகத் தூண்டப்படுவதில்லை. செவிலியர் என்னிடம், "தட்டாதீங்க, கைய வச்சுக்கிட்டு இருந்தா போதும்" என்று சொன்னதன் காரணம் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

இந்த முறையைக் கங்காரு தாய்ப் பராமரிப்பு என்கிறார்கள். 1978ஆம் ஆண்டு கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், தாய் சேய் மருத்துவமனை ஒன்றில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். அங்கே இன்குபேட்டர்கள் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்தது, தொற்று பரவியது, பிள்ளையோடு பிணைப்பே உருவாகாமல் போய், விட்டுச்சென்ற தாய்மாரும் இருந்தார்கள். இல்லாத கருவிக்கு மாற்றாகத் தாயின் நெஞ்சை அவர்கள் வைத்துப் பார்த்தார்கள். அது மாற்று என்ற நிலையையும் தாண்டிவிட்டது. 1990களில் பொகோட்டாவில் இந்தப் பராமரிப்பில் சேர்க்கப்பட்ட குழந்தைகளை இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களைவிட அவர்களிடம் முரட்டுத்தனமும் நிலைகொள்ளாத் தன்மையும் குறைவாகக் காணப்பட்டன.

ஆனாலும் நெடுங்காலம் ஒரு நிபந்தனை இருந்தது: குழந்தையின் உடல்நிலை சீரான பின்பே நெஞ்சில் வைக்க வேண்டும். அந்த நிபந்தனையை உடைத்தது 2021இல் வெளியான ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு பிரிவினருக்குப் பிறந்த உடனேயே தொடங்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் படுக்கை போட்டு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் குழந்தையை நெஞ்சில் வைத்திருந்தார்கள். தாயால் முடியாத நேரத்தில் குடும்பத்தில் இன்னொருவர் வைத்துக்கொண்டார். மற்றப் பிரிவினருக்கு வழக்கப்படி, உடல்நிலை சீரான பின்பு. 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் முதல் பிரிவில் 12 விழுக்காடு, இரண்டாவதில் 15.7 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றி, குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் தொடங்கி, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொன்னது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகளைப் பொறுத்தவரை நாங்கள் இழந்தது இரண்டு நாட்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் தாய் ஒரு மாடியில், சேய் ஒரு மாடியில் என்ற அந்த ஏற்பாட்டுக்கும், பார்வை நேரம் பத்து நிமிடம் என்ற அந்த விதிக்கும் எந்த மருத்துவக் காரணமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தந்தை வெளியே சும்மா நின்றுகொண்டிருந்தான். அவனிடம் சூடான நெஞ்சு இருந்தது. உள்ளே குழந்தை குளிர்ந்துகொண்டிருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு செவிலியர் பணிக்கு வர வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் என் மனைவியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அறுவைப் புண்ணின் வலியில் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. சாய்வு படுக்கையில் கிடத்தி, புண்ணில் படாதவாறு மேலே ஏற்றிக் குழந்தையை வைத்தார்கள். அதுவரை பிழிந்தெடுத்தால் ஒரு வேளைக்கு ஐந்து மில்லி பால்கூட வரவில்லை. தன்னிடம் பாலே இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். குழந்தை நெஞ்சில் கிடந்த இரண்டாம் நாள், கட்டியிருந்த துணி நனைந்தது. தோல் தொடும்போது தாயின் மூளையிலிருந்து சுரக்கும் ஆக்ஸிடோசின் பாலை இறங்கச் செய்கிறது என்று எல்லா நூல்களிலும் இருக்கிறது. அந்த நனைந்த துணியைப் பார்த்து அவள் அழுததுதான் எனக்கு நினைவிருக்கிறது. பாலாடையில் ஊற்றிப் புகட்டும் அளவு பத்து மில்லியிலிருந்து முப்பதானது. அதன் பிறகு நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்: இரவு நான், பகலில் அவள்.

இடையில் மஞ்சள் காமாலை வந்து இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். அங்கேயும் தோலுக்குத்தான் வேலை. தோலின் வழியாகப் புகும் நீல ஒளி, அடியிலுள்ள, காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று உறவினர் பலர் சொன்னார்கள். வெயில் அதற்கு மாற்றாகாது. அளவு கூடினால் மூளையைப் பாதிக்கும் நோய் அது. அந்த நாட்களில் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. தட்டில் கிடத்திக் குத்தியபோது உடம்பெல்லாம் விறைத்து வீறிட்டவள், என் நெஞ்சில் இருந்தபடியே குத்தியபோது ஒரு முறை சிணுங்கி அடங்கினாள். தோல் தொடுகை குழந்தையின் வலியைக் குறைக்கிறது என்பதற்கு மருத்துவச் சான்றுகள் உண்டு. எந்தத் தந்தைக்கும் அந்த ஒன்றே போதுமானது.

பத்தொன்பதாம் நாள், 1,820 கிராம் எடையோடு மாமியார் வீட்டுக்கு வந்தோம். வீட்டிலும் இதைத் தொடர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஹரியானாவில் 8,402 எடை குறைந்த குழந்தைகளை வைத்து, வீட்டிலேயே தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதிலும் இறப்பு தெளிவாகக் குறைந்தது. மாமியாருக்கு நெஞ்சில் கட்டுவதில் மறுப்பில்லை. பேறுகாலத்தில் பிள்ளையைத் தாயின் பக்கத்தை விட்டு அகற்றாதிருந்த வழக்கம் அவருக்குப் பழகியதே. அவருடைய மனக்குறை குளியலைப் பற்றியது. எண்ணெய் தேய்த்து, காலில் கிடத்தி, சுடுநீர் ஊற்றி, மூக்கிலும் காதிலும் ஊதி, சாம்பிராணி காட்டினால்தான் பிள்ளை தேறும் என்று அவர் நம்பினார். எட்டுப் பிள்ளைகளை அப்படிக் குளிப்பாட்டிய கை அவருடையது.

அவரோடு நான் வாதாடவில்லை. மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் ஊதுவதும், வாய்க்குள் விரலை விட்டுச் சளி எடுப்பதும் குழந்தைக்கு ஆபத்து. புகை எந்தப் புகையானாலும் வேண்டாம். நலங்கு மாவும் பவுடரும் இந்தத் தோலுக்கு இப்போது தேவையில்லை. இரண்டரைக் கிலோ ஆகும்வரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெயை மட்டும் மருத்துவர் முற்றாக மறுக்கவில்லை. குறைமாதத் தோலில் மெல்லத் தடவும் எண்ணெய் நீரிழப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், தேங்காய் எண்ணெயைத் தேய்க்காமல், அழுத்தாமல், உள்ளங்கையில் சூடாக்கித் தடவ அனுமதித்தார். கடுகெண்ணெய் தோலின் தடுப்பைக் கெடுக்கும் என்பதால் அது கூடாது என்றார். மாமியார் அதை ஏற்றுக்கொண்டார். மாலை நான்கு மணிக்கு அவர் எண்ணெய் தடவும் கையின் வேகத்தைப் பார்த்தபோது, மெதுவான வருடலைப் பற்றி நான் படித்ததெல்லாம் அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது.

இதைச் செய்ய நினைக்கும் பெற்றோருக்கு, எங்கள் செவிலியர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைச் சொல்லியாக வேண்டும். குழந்தையின் மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகவாய் நெஞ்சில் மடங்கிவிடக் கூடாது. முழுக்கப் படுக்காமல் சாய்ந்தபடி இருக்க வேண்டும். துணியால் கட்டிக்கொள்ளாமல் வெறுமனே அணைத்தபடி சோபாவிலோ நாற்காலியிலோ உறங்கிவிடக் கூடாது. உறக்கம் வந்தால் குழந்தையை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். கைப்பேசியை எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இவை பொருந்தும். அப்படிப் பிறந்த குழந்தையைத் துடைத்தவுடன் தாயின் நெஞ்சில் வைத்து, முதல் ஒரு மணி நேரம் எடுக்காமல் விட்டால், அது தானாகவே தவழ்ந்து முலைக்காம்பைத் தேடிக் கண்டுகொள்ளும். எடை பார்ப்பதும் ஊசி போடுவதும் அதற்காகக் காத்திருக்கலாம்.

எங்கள் மகள் ஏறக்குறைய எட்டு வாரம் நெஞ்சில் கிடந்தாள். எப்போது நிறுத்துவது என்று நான் கேட்டபோது, "நீங்க நிறுத்த வேண்டாம் சார், பாப்பாவே சொல்லும்" என்று செவிலியர் சொல்லியிருந்தார். எடை 2,600 கிராம் ஆன வாரத்தில், ஒரு பிற்பகல், துணிக்குள் காலை உதைத்து, கையை வெளியே இழுத்து, முகம் சிவக்க அழுதாள். பசியில்லை, நனைந்திருக்கவும் இல்லை. கட்டை அவிழ்த்துப் பாயில் கிடத்தினேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி அமைதியானாள். துணியை மடித்து வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டேன்.